ஐந்தாம் பெட்டி

நான்காம் பெட்டியின் கடைசிக் கல்லும் ஐந்தாம் பெட்டியின் முதற்கல்லும் பொருந்தவில்லை.

யுவராணி அவற்றை மறுபடியும் முனையோடு முனை சேர்த்துப் பார்த்தாள். பாப்பிரெட்டிப்பட்டியில், குவாரி நிறுவனம் வாடகைக்கு எடுத்திருந்த தகரக் கொட்டகையின் தரையில் மண்டியிட்டிருந்தாள். ஊமைக்கரடு என்ற குன்றின் சரிவில் துளையிட்டு எடுத்த உருளைக் கற்கள் மணிக்கட்டுப் பருமனில் மரப்பெட்டிகளில் வரிசையாகக் கிடந்தன. தொழிலில் இவற்றைக் கோர் என்பார்கள். ஒரு பெட்டிக்கு ஐந்து மீட்டர். புத்தகத்தில் வரிகள் ஓடுவதைப் போல, இடது மேல்மூலையில் தொடங்கி வலது கீழ்மூலையில் முடியும்படி அடுக்க வேண்டும். எது மேல்விளிம்பு என்பதற்கு அடையாளமாகப் பெட்டியில் ஒரு வெள்ளைப் பட்டை பூசப்பட்டிருக்கும். தரைக்கு அடியில் எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு அந்த அடுக்கைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

துளைக்குள் அடுத்தடுத்து இருந்த இரண்டு துண்டுகள், உடைந்த பானையின் ஓடுகளைப் போல, முறிந்த இடத்தில் ஒன்றையொன்று கவ்வியாக வேண்டும். இவை கவ்வவில்லை. அவள் சற்று நேரம் யோசித்தாள். பிறகு ஐந்தாம் பெட்டியின் கடைசிக் கல்லை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, நான்காம் பெட்டியின் கடைசிக் கல்லோடு சேர்த்தாள். தாழ்ப்பாள் விழுந்தாற்போல் இரண்டும் கவ்விக்கொண்டன.

ஐந்தாம் பெட்டி முழுவதும் தலைகீழாக அடுக்கப்பட்டிருந்தது.

அதன் பொருளை அவள் உடனே கணக்கிட்டாள். அந்தப் பெட்டியில் ஓரிடத்தில் பாறை நொறுங்கி, துரு படிந்து, நீர் ஓடிய தடத்தோடு இருந்தது. கரட்டின் அடிவாரத்தில் உள்ள கரட்டுக்கொட்டாய் என்ற ஊரின் கிணறுகளுக்கு ஊற்று வருவது அந்த உடைசலின் வழியாகத்தான். உடைசல் இருபத்து நான்காவது மீட்டரில் இருப்பதாக நிறுவனத்தின் அறிக்கை சொன்னது. நிறுவனம் வெட்ட அனுமதி கேட்டிருந்தது இருபத்து மூன்று மீட்டர் வரை. ஆகவே குவாரியின் தளம் ஊற்றைத் தொடாது, கிணறுகளுக்கு ஆபத்தில்லை என்பது அறிக்கையின் முடிவு. பெட்டியைத் திருப்பினால் உடைசல் இருபத்தோராவது மீட்டருக்கு ஏறிவிடுகிறது. குவாரி அதை அறுத்துக்கொண்டு கீழே போகும். ஊற்று குழியில் வடியும். கிணறுகள் வற்றும்.

அறிக்கையின் அடியில் இருந்த கையெழுத்து நிலவியலாளர் சவுரியப்பனுடையது.

அந்தப் பெயரைப் பார்த்துத்தான் அவள் இந்த வேலையை ஏற்றிருந்தாள். கரட்டுக்கொட்டாய் விவசாயிகள், தங்கள் தரப்பில் ஒரு ஜியாலஜிஸ்ட் கோரைப் பார்க்க வேண்டும் என்று மனுக் கொடுத்து அனுமதி வாங்கி அவளிடம் வந்தபோது, வேறெதையும் கேட்காமல் தலையசைத்தாள்.

இப்போது கை தன் பழக்கத்தில் இயங்கியது. திருப்பிய கல்லின் மேல் சிவப்புச் சாக்பீஸால் ஓர் அம்பு வரைந்தாள். கீழ்நோக்கிய திசையைக் காட்டும் அம்பு. அதன் வாலில் ஒரு சிறிய வளையம். சரியான திசை தெரிந்த கல்லைக் குறியிடாமல் வைப்பது அவளால் ஆகாது. படமெடுத்துக்கொண்டு, கற்களைக் கிடந்தபடியே வைத்துப் பெட்டியை மூடினாள்.

வெளியே வந்ததும் துளையிட்ட குழுவின் தலைவன் மாதுவுக்குத் தொலைபேசினாள். அவன் இப்போது கம்பைநல்லூர்ப் பக்கம் வேறொரு வேலையில் இருந்தான். அந்தத் துளை போட்ட நாளில் ஏதாவது மாற்றம் நடந்ததா என்று கேட்டாள்.

“அன்னிக்கி மழைங்க மேடம். மிசினுக்கு அந்தாண்டப் பக்கம் தார்ப்பாயி கட்டி உக்காந்து அடுக்குனோம். மத்தியானம் மழ வுட்டதும் பழையபடி இந்தாண்ட வந்துட்டோம். ஏனுங்க?”

சும்மாதான் என்று சொல்லி வைத்துவிட்டாள். படம் தெளிவாகிவிட்டது. பெட்டியின் எதிர்ப்புறத்தில் உட்கார்ந்தவர்கள், தங்கள் பக்கத்திலிருந்து பார்த்துச் சரியாகவே அடுக்கியிருக்கிறார்கள். வெள்ளைப் பட்டையை யாரும் கவனிக்கவில்லை. பின்னர் சவுரியப்பன் பட்டையை நம்பி, லாக் எனப்படும் ஆழப் பதிவை எழுதியிருக்கிறார். பெட்டிக்குப் பெட்டி முனைகளைப் பொருத்திப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். அவர் பார்க்கவில்லை.

ஆகவே இது மோசடி அல்ல, கவனப்பிசகு. யுவராணிக்கு அதுதான் ஏமாற்றமாக இருந்தது.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தருமபுரியில் சவுரியப்பனின் அலுவலகத்தில் அவள் வேலை பார்த்தாள். பென்னாகரம் பக்கம் ஆலங்கொட்டாய் என்ற ஊரின் குடிநீர் ஆழ்துளைக் கிணற்றுக்கு ஆய்வு செய்ய அவளை அனுப்பினார். தண்ணீரில் ஃபுளோரைடு மிக அதிகம். குடிக்க உதவாது என்று எழுதிக் கொடுத்தாள். அச்சாகி வந்த அறிக்கையில் ‘உகந்தது’ என்று இருந்தது. கள ஆய்வு: யுவராணி என்றும் இருந்தது. தொட்டி கட்டி முடித்துத் திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்ட ஒப்பந்தக்காரருக்காக அந்த ஒரு சொல் மாற்றப்பட்டிருந்தது. சில ஆண்டுகளில் ஆலங்கொட்டாய்ப் பிள்ளைகளின் புதுப் பற்கள் பழுப்பேறி முளைத்தன. விசாரணையில் சவுரியப்பன், ஃபீல்டு வேலை முழுக்க அந்தப் பெண்ணின் பொறுப்பு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

விசாரணை முடிந்து வெளியே வந்தவரை மறித்து, “உங்களுக்கு அப்பவே தெரியும் இல்ல சார்?” என்று கேட்டாள்.

“தெரியும்,” என்றார். “சொல்ற நேரம் வரல.”

அன்று மாலை பேருந்து நிலையத்தில் ஆலங்கொட்டாய்ப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தியும் அடிக்கவில்லை. ஒரு தாய் தன் மகளை முன்னால் நிறுத்த, அந்தச் சிறுமி தானாகவே வாயைத் திறந்து காட்டினாள். திறந்தது திறந்தபடியே வெகுநேரம் நின்றாள். அதன்பின் மாவட்டத்தில் யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. கர்நாடகத்துச் சுரங்கங்களில் காலம் தள்ளிவிட்டு, சென்ற வருடம்தான் திரும்பி வந்து அதியமான்கோட்டையில் தனியாக அலுவலகம் போட்டாள். திரும்பி வந்ததற்கான காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சவுரியப்பன் இந்த மாவட்டத்தில் இருந்தார். அதுதான் காரணம்.

நிலவியலாளர்களிடையே ஒரு முறை உண்டு. சக நிலவியலாளரின் பதிவில் தவறு கண்டவர், ஊருக்குச் சொல்லும் முன் அவரிடம் சொல்ல வேண்டும். இருவரும் பெட்டியின் முன் சேர்ந்து உட்கார வேண்டும். கல் தீர்த்து வைக்கும். அமர்த்திக்கொண்ட மக்களிடமோ அன்றே சொல்ல வேண்டும். யுவராணி இரண்டையும் செய்யவில்லை. முன்கூட்டிச் சொன்னால் நிறுவனம் பெட்டியையே மாற்றிவிடும், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அதிகாரியின் முன்னால் சொன்னால்தான் பதிவாகும் என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டாள். அந்தக் காரணத்தில் குறையில்லை. ஆனால் இரவுகளில் அவள் ஒத்திகை பார்த்தது பெட்டியைப் பற்றி அல்ல. மண்டபம் நிறைந்த கூட்டத்தின் முன் அந்த மனிதர் ஒலிபெருக்கியில் தன் கையெழுத்துக்கு உறுதி சொல்ல வேண்டும். சொல்லி முடித்த வாய் மூடுவதற்குள் பெட்டி திறக்கப்பட வேண்டும். அப்போது பேச வேண்டிய வாக்கியத்தையும் முடிவு செய்திருந்தாள்: இது கவனப்பிசகு அல்ல, திட்டமிட்ட மோசடி. அந்த வாக்கியம் பொய் என்று அவளுக்குத் தெரியும். தன் மேல் சுமத்தப்பட்டதும் பொய்தான்.

ஆடிப்பெருக்கன்று பாஞ்சாலி தொலைபேசியில் அழைத்தாள். கரட்டை ஒட்டிய நிலம் அவளுடையது. யுவராணியை அமர்த்தியவர்களில் முதலாவதாக வந்தவளும் அவள்தான். வருடந்தோறும் மஞ்சள் வைப்பவள். மஞ்சளுக்கு ஒன்பது மாதம் தண்ணீர் வேண்டும். ஆடியைத் தாண்டினால் வைத்துப் பயனில்லை.

“பாப்பா, கோர் பாத்தியாமே. என்னா தெரிஞ்சுது? வெத மஞ்சள எடுத்து வெச்சுருக்கறன். வெக்கலாமா, வேணாமா? ஒரு வார்த்த சொல்லு. குவாரி வருதுன்னா வெச்சு என்னாத்துக்கு, பாதில காயப்போவுது.”

குவாரி வராது, தைரியமாக வையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். பாஞ்சாலியிடம் சொன்னால் அது அன்று மாலைக்குள் கொட்டாய் முழுக்கப் பரவும். மறுநாள் சவுரியப்பனின் காதுக்குப் போகும். “கூட்டம் முடியட்டுங்க்கா,” என்றாள் யுவராணி.

“கூட்டம் ஆவணிலதான பாப்பா.”

“இப்ப எதுவும் சொல்ல முடியாதுக்கா.”

 பிறகு, சரி, உனக்குத் தெரியாததா என்று சொல்லிப் பாஞ்சாலி வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் வேறொரு அழைப்பு வந்தது. எண்ணில் பெயர் இல்லை. குரல் மட்டும் பழையது.

“யுவராணியாம்மா? சவுரியப்பன் பேசறன். எங்க பெட்டியெல்லாம் பாத்தியாமே. ஏதாவது கண்ணுல பட்டிருந்தா சொல்லு. ரெண்டு பேரும் போயி முன்னாடி உக்காந்து பாத்துடலாம்.”

குரலில் லேசான நடுக்கம் இருந்தது. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பத்து ஆண்டுகளில் முதல்முறையாகப் பேசுகிறார். பழையதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எல்லாம் முடிந்துபோன கதை என்பதுபோல் ‘அம்மா’ போட்டுப் பேசுகிறார்.  யுவராணிக்கு வார்த்தை சுத்தமாக வந்தது.

“ஒண்ணும் இல்ல சார். நல்லா லாக் பண்ணியிருக்கீங்க.”

சந்தோஷம் என்றார் அவர். அலைபேசியை வைத்தபின், பொறி வைத்த வேடனுக்கு உரிய அமைதி தனக்குள் பரவுவதை அவள் உணர்ந்தாள். அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

ஆவணியில் பாப்பிரெட்டிப்பட்டிக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடந்தது. மேடையில் அதிகாரி, அவர் அருகில் நிறுவனத்தின் மேலாளர் நவநீதன், அடுத்து சவுரியப்பன். கீழே கரட்டுக்கொட்டாய் முழுவதும் வந்திருந்தது. யுவராணி முதல் வரிசையில் அமர்ந்தாள். வரும் வழியில் பாஞ்சாலியின் நிலம் உழாமல் கிடந்ததை அவள் பார்த்திருந்தாள். பார்த்த வேகத்திலேயே பார்வையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

நவநீதன் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசினார். சாலை போட்டுத் தருவதாகச் சொன்னார். பின்வரிசையில் ஒருவர், சாலை போட்டால் தண்ணீர் லாரி வர வசதியாக இருக்கும் என்று சொல்ல, மண்டபம் சிரித்தது. பிறகு சவுரியப்பன் எழுந்தார். தலை நரைத்து, சட்டை தோளில் தளர்ந்து தொங்கியது. ஆழங்களை விளக்கி, கிணறுகளுக்கு ஆபத்தில்லை என்று முடிக்கப்போனவர், ஏதோ நினைவு வந்தவராகச் சேர்த்தார்:

“நான் மட்டும் சொல்லலீங்க. உங்க தரப்புல வெச்ச ஜியாலஜிஸ்ட் யுவராணியும் பாத்திருக்காங்க. ஒண்ணும் இல்ல, நல்லா லாக் பண்ணியிருக்கீங்கன்னு எங்கிட்டயே சொன்னாங்க.”

கொட்டாய்க்காரர்கள் அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடியும் அவள் பெயரைத் தன் அறிக்கையின் அடியில் எழுதிக்கொண்டார் அந்த மனிதர். யுவராணி எழுந்தாள். அவளுக்குள் மிச்சமிருந்த சிறு தயக்கமும் அந்த நொடியில் எரிந்துபோயிற்று.

“சார், இந்த லாக் நீங்களே பண்ணதா?”

“நானேதாம்மா. ஒவ்வொரு கல்லும் என் கையால எடுத்துப் பாத்தது.”

“இதுக்குப் பொறுப்பு?”

சவுரியப்பன் அவளைப் பார்த்தார். “என் பொறுப்புதான்,” என்றார். “வேற யாரு பொறுப்பு?”

பத்து ஆண்டுகளாக அவள் காத்திருந்த வாக்கியம் அதுதான். அதை மண்டபத்தின் காற்றில் சிறிது நேரம் நிற்கவிட்டாள். பிறகு, நான்காம் பெட்டியையும் ஐந்தாம் பெட்டியையும் இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள் என்று அதிகாரியிடம் கேட்டாள். கொட்டகை பக்கத்துத் தெருவில்தான் இருந்தது. நவநீதன் ஆட்சேபித்தார், அதிகாரி அனுமதித்தார். பந்தி போடும் மேசை ஒன்றை இழுத்துப் போட்டு, ஆட்கள் பெட்டிகளைத் தூக்கி வந்து அதன் மேல் வைத்தார்கள். பாஞ்சாலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசையருகே வந்து நின்றாள்.

“நாலாம் பெட்டியோட கடைசிக் கல்லையும் அஞ்சாம் பெட்டியோட முதக் கல்லையும் சேத்துக் காட்டுங்க சார்,” என்றாள் யுவராணி.

சவுரியப்பன் மேடையிலிருந்து இறங்கி வந்து கற்களைச் சேர்த்தார். அவை கவ்வவில்லை. ஒன்றைச் சுழற்றிப் பார்த்தார். அவருடைய விரல்கள் மெல்ல நின்றன. அந்த முகத்தைத்தான் யுவராணி பார்க்க வந்திருந்தாள். ஒரு கணமும் கண்ணிமைக்காமல் பார்த்தாள். யாரும் சொல்லாமலேயே அவர் கை ஐந்தாம் பெட்டியின் மறுகோடிக்குப் போய், கடைசிக் கல்லை எடுத்துத் தலைகீழாகத் திருப்பியது. சேர்த்தார். கவ்விக்கொண்டது.

அதன் மேல் சிவப்பு அம்பு இருந்தது. வாலில் வளையம் போட்ட அம்பு. தன் அலுவலகத்தில் மூன்று வருடம் அந்த அம்பைப் பார்த்தவர் அவர்.

அவர் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். யுவராணி ஒத்திகை பார்த்த வாக்கியத்தை நாவின் நுனிக்குக் கொண்டுவந்தாள். அதற்குள் சவுரியப்பன் ஒலிபெருக்கியை எடுத்துவிட்டார்.

“பெட்டி தலகீழா இருக்குதுங்க. சேத்துப் பாக்காம விட்டுட்டன். உடைசல் இருபத்தி ஒண்ணாவது மீட்டர்ல இருக்கு. குவாரி வெட்டுனா உங்க கெணத்துத் தண்ணி போயிடும். நான் எழுதினது தப்பு. ரிப்போர்ட்டத் திரும்ப வாங்கிக்கறன்.”

நவநீதன் ஓடிவந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கப் பார்த்தார். கூட்டம் எழுந்துவிட்டது. அதிகாரி அமைதி கேட்டுக்கொண்டே எழுதினார். அவர் எழுதுவது நடந்த பிழை, நேர்ந்த பிழை, ஒப்புக்கொள்ளப்பட்ட பிழை. மோசடி என்ற சொல்லுக்கு அங்கே இனி இடமில்லை. யுவராணியின் வாக்கியம் சொல்லப்படாமலே போயிற்று. விழ வேண்டிய மனிதர் விழவில்லை. எல்லோருக்கும் முன்னால் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் அவருடைய மற்றொரு கையைக் கவனித்தாள். கல்லை மார்போடு அணைத்தாற்போல் பிடித்திருந்த அந்தக் கையின் கட்டைவிரல், வியர்வையோடு, அம்பின் மேல் மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. வளையம் ஏற்கெனவே போய்விட்டது. தண்டு மங்கிக்கொண்டிருந்தது.

அவள் முன்னமே கண்டுகொண்டவள் என்பதற்கு இருந்த ஒரே தடயத்தை அவர் அழிக்கிறார். அவளுக்காக அழிக்கிறார். இன்னும் சில தேய்ப்புகள் போதும். அதன்பின் அவள், மக்களுக்காக உண்மையைக் கண்டெடுத்தவளாக வீட்டுக்குப் போகலாம். அந்த மனிதரின் கருணையில், வாழ்நாள் முழுவதும், தலைகுனிந்து. ஆலங்கொட்டாய்க்கும் இதற்கும் நேர் செய்துவிட்டதாக அவர் உள்ளூர எண்ணிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

அதற்கு அவள் விடமாட்டாள்.

“அழிக்காதீங்க சார்.”

குரல் அவள் எண்ணியதைவிட உரக்க வந்தது. அருகில் நின்றவர்கள் அடங்கினார்கள்.

“விடும்மா,” என்றார் சவுரியப்பன், உதடு அசையாமல்.

“நீங்க சொல்லி நான் விடறதா? கோர்ல இருக்கற குறிய அழிக்க உங்களுக்கு உரிமை இல்ல. கீழ வைங்க.”

அவர் கல்லை மேசையில் வைத்தார். பாதி அழிந்த அம்பு, பெட்டியின் ஆழங்கள் எழுதப்பட்டிருந்ததற்கு எதிர்த்திசையைக் காட்டிக்கொண்டு கிடந்தது. பாஞ்சாலி குனிந்து பார்த்தாள்.

“இது என்னா குறி பாப்பா?”

“எந்தப் பக்கம் கீழன்னு காட்டறது. நான் போட்டதுக்கா.”

“இப்பவா போட்ட?”

“இல்ல.”

“எப்ப போட்டது?”

சொல்கிற நேரம் வரவில்லை என்ற சொற்கள், எத்தனையோ காலமாக அங்கேயே இருந்தவைபோல், யுவராணியின் வாயில் தயாராக நின்றன. எதிரே சவுரியப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் அந்தச் சொற்களைச் சொல்வதைவிட வேறு எதையும் அவளால் சொல்ல முடியும்.

“ஆடிப்பெருக்குக்கு முன்னாடி,” என்றாள்.

பாஞ்சாலி மனதுக்குள் எதையோ கூட்டிப் பார்ப்பவள்போல் நின்றாள். “நான் உனக்குப் போன் பண்ணனே.”

“ஆமாங்க்கா.”

“அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி.”

பாஞ்சாலி தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மேசையின் மேல், அந்தக் கல்லுக்கு இருபுறமும் வைத்தாள். விதைக்கு வைத்திருந்த மஞ்சளை விற்பதற்காக வேகவைத்து, காயவைத்து, தேய்த்த கைகள். ரேகைகளிலும் நகக்கண்களிலும் மஞ்சள் ஏறியிருந்தது. வெந்த மஞ்சள் இனி முளைக்காது. அடுத்த வருடத்துக்கு விதையும் இல்லை. இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. விரித்தது விரித்தபடியே கைகளை வைத்திருந்தாள். பேருந்து நிலையத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்ற சிறுமியும் அன்று எதுவும் சொல்லவில்லை.

சவுரியப்பன் ஏதோ பேச வாயெடுத்தார். பாஞ்சாலி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“இவுரு கண்ணு தெரியாம எழுதிட்டாரு. ஒத்துக்கிட்டாரு,” என்றாள். குரல் உயரவில்லை. “நீங்க தெரிஞ்சுக்கிட்டு இருந்தீங்க மேடம்.”

இதுவரை பாப்பா என்று அழைத்தவள்.

யுவராணி அந்தக் கைகளைப் பார்த்தாள். தன் கண்களைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“இனிமேட்டு இந்த ஜில்லாவுல எந்த ஊருல உங்களக் கூப்புட்டாலும், மொத நாளே நானும் அந்த ஊருக்கு வருவன் மேடம். வந்து இந்தக் கையக் காட்டுவன். மஞ்ச போயிடுச்சுன்னா மறுபடி அரச்சுப் பூசிக்கிட்டு வருவன்.”

அது வெறும் பேச்சில்லை என்பது யுவராணிக்குத் தெரிந்தது. பத்து ஆண்டுகள் ஒன்றையே நினைத்துக்கொண்டு வாழ முடியும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

“வாங்க,” என்றாள்.